மலாயாக் கிளாக்கரும் தோட்டக் கூலியும்

இராசேந்திர சோழன் கடாரங் கொண்ட வரலாற்றை அறியாத தமிழ் மாணவன் இலன். 1025ஆம் ஆண்டளவில் வங்கக் கடலைக் கடந்து சென்ற அக்கப்பற்படையைப் பற்றி நம் மேடைகளில் முழங்கியோர் பலர். அதே கடற்பாதையில், ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், தகரப் பெட்டியொன்றும் சிபாரிசுக் கடிதமொன்றும் கையுமாகப் பயணஞ் செய்த யாழ்ப்பாணத்து இளைஞனைப் பற்றி நாம் அத்துணை பேசுவதில்லை. அக்காலத்தில் அக்கடலையே கடந்த கப்பல்களின் திறந்த தட்டில் மனைவி மக்களோடு சுருண்டு கிடந்த தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் நிலமற்ற உழவனைப் பற்றிப் பேசுவதோ இன்னும் அரிது.

அந்நிய நாட்டில் அந்நியனாக நாளைக் கழிப்பது எவ்வாறு என்று அறிய விரும்புவோனுக்கு அரசர்களின் மெய்க்கீர்த்திகள் உதவா. எங்கே படுப்பது, எதை உண்பது, காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது, பிள்ளைக்கு எம்மொழியிற் கற்பிப்பது, ஊருக்கு எவ்வாறு காசனுப்புவது என்ற சின்னஞ்சிறு கேள்விகளிலேயே அவ்வாழ்வு அடங்கியிருக்கிறது. இன்று மலேசியா, சிங்கப்பூர் என வழங்கும் அன்றைய மலாயாவிலே, நம்மவர் இக்கேள்விகளுக்கு விடை கண்ட முறையையும் அவ்விடைகளின் பெறுமதியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தலைப்பிற் ‘கூலி’ என்ற சொல்லை வேண்டுமென்றே இட்டேன். அக்காலப் பதிவேடுகளில் அம்மனிதனுக்கு வேறு பெயர் இல்லை.

முதலில், யாழ்ப்பாணத்தான் ஏன் போனான்? திரைகடலோடியும் திரவியந் தேடும் ஊக்கம் என்று பெருமைப்படுவது எளிது. உண்மை சற்றுச் சாதாரணமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்க மிசன், வெஸ்லியன் மிசன், சேர்ச் மிசன் ஆகியன குடாநாட்டில் ஆங்கிலப் பாடசாலைகளை வளர்த்தன. பாடசாலைகள் பெருகிய அளவிற்கு உத்தியோகங்கள் பெருகவில்லை. 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளிலே தோன்றிய இலைநோய், பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பயிர்ச்செய்கையையே வீழ்த்தியது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அரசாங்க வருமானம் சுருங்கப் பொதுவேலைகளும் சுருங்கின. படித்த இளைஞன் வேலியோரத்தில் நின்றான்.

அதே ஆண்டுகளிலேதான் பிரித்தானியர் மலாயாவின் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொணரப் புகையிரதப் பாதைகள் அமைக்கத் தலைப்பட்டனர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையான முதற்பாதை, எட்டு மைல் நீளமுடையது, 1885இல் திறக்கப்பட்டது. அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்தே பயனியர் படையினர் அழைத்துச் செல்லப்பட்டனர். அடுத்த ஆண்டிற் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் பாதை பிறந்தது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றிய ஸ்பூனர் என்பார் சிலாங்கூருக்குச் சென்று, பின்னர் மலாய்க் கூட்டு மாநிலங்களின் புகையிரதப் பகுதிக்குத் தலைவரானார். இத்தகைய அதிகாரிகளுக்கு ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த, சொற்ப சம்பளத்துக்கு இசையும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்கள் எங்கே கிடைப்பர் என்பது இலங்கையிலிருந்து போனவர்களுக்கு நன்கு தெரியும். இவ்வாறாக, ஒரு குடியேற்ற நாட்டின் மிச்சம் மற்றொரு குடியேற்ற நாட்டின் தேவையாயிற்று. ஒருவன் போனான், அவன் தம்பியை அழைத்தான், தம்பி மைத்துனனை அழைத்தான். நிலைய அதிபர், தந்திக்காரர், நில அளவையாளர், மருத்துவ உதவியாளர், கணக்கர் எனப் பல பதவிகளில் அவர்கள் நிரம்பினர். ஊரில் எல்லாரையும் சேர்த்துக் ‘கிளாக்கர்’ என்றோம். தோட்டங்களில் அவர்களுக்குக் ‘கிராணி’ என்று பெயர்.

போய்ச் சேர்ந்தவன் முதலில் தேடியது ஒரு சமறியை. மணமாகாத நாலைந்து பேர் கூடி, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, செலவைப் பங்கிட்டு உண்டு உறங்கும் ஏற்பாட்டிற்கு நம்மவர் இட்ட பெயர் அது. ஊர்வாரியாகவே சமறிகள் அமைந்தன. புதிதாக வந்தவன் உத்தியோகங் கிடைக்கும்வரை பங்குப் பணம் கொடாமலே அங்கு தங்கலாம். உழைக்கத் தொடங்கியபின் அடுத்து வருபவனைத் தாங்குவது அவன் கடன். எழுதாச் சட்டமாக இயங்கிய இவ்வுதவி முறையைக் குறைத்து மதிப்பிடலாகாது. எந்த அரசாங்கமும் எந்தக் கொம்பனியும் அந்த இளைஞனுக்கு முதல் மூன்று மாதச் சோறு போடவில்லை; அவன் ஊரவனே போட்டான். அவ்வூரவன் எச்சாதியானாயினும் அவனுக்கு இடமிருந்ததா என்று கேட்டால், விடை அத்துணை இனிமையாக இராது. கடலைக் கடந்தபோது நம்மவர் பலவற்றை ஊரிலே விட்டுச் சென்றனர். சாதியை விட்டுச் சென்றவர் சிலரே.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஊரிலிருந்து வருவோர் போவோர் கையில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் கடல் கடந்தன. இவற்றை ஊர்ப்பாசம் என்று சிரித்துவிடலாம். ஆனால் புழுங்கலரிசி வேறு கதை. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் பெரிபெரி நோய்க்கு இரையாகிய காலம் அது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் சோர்ந்து மடிந்தனர். காரணம் எவருக்கும் புலப்படவில்லை. அதே சூழலில் வாழ்ந்த தமிழரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. 1905இற் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையிலே வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர், நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குத் தீட்டிய சீயத்துப் பச்சையரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசி உண்டோரிடையே நோய் பரவியது, மற்றவர் தப்பினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது என்பதைப் பின்வந்த விஞ்ஞானம் விளக்கியது. ‘வேற்றூருக்கு வந்தும் தன் அரிசியை விடான்’ என்று ஏளனஞ் செய்யப்பட்ட அந்நியனின் பிடிவாதம் அவனுடைய உயிரைக் காத்தது.

மலேரியாவை எந்த அரிசியும் தடுக்கவில்லை. 1901இற் கிள்ளானுக்கு வந்த மல்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களை வடித்து, கான்கள் வெட்டி அந்நகரையும், அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டனம் துறைமுகத்தையும் ஒருவாறு காத்தார். வெள்ளை அதிகாரியும் கிளாக்கரும் வாழ்ந்த நகருக்கு முதலிற் கான் வந்தது. காட்டை அழித்துப் புதிதாக எழுந்த றப்பர்த் தோட்டங்களுக்கு அது வரப் பல்லாண்டுகள் சென்றன. 1910ஐ அடுத்த ஆண்டுகளிலே, ஆயிரந் தொழிலாளருக்கு இருநூறு பேருக்கு மேல் ஓராண்டில் இறந்த தோட்டங்களும் இருந்தன. இவ்விடத்திலேயே கிளாக்கரின் கதையும் கூலியின் கதையும் பிரியத் தொடங்குகின்றன.

மொழியைப் பொறுத்தவரை இருவருமே சமர்த்தர். கந்தோரில் ஆங்கிலம், வீட்டிலே தமிழ், சந்தையில் மலாய் என்று மூன்று நாக்குகளோடு வாழக் கற்றனர். மலாய் கற்கப் புகுந்தவனுக்குக் ‘கெடாய்’ என்பது கடையாகவும், ‘கப்பல்’ கப்பலாகவும், ‘பெத்தி’ பெட்டியாகவும், ‘காத்தில்’ கட்டிலாகவும் எதிர்ப்பட்டபோது ஏற்பட்ட வியப்பைத் தமிழ் கற்பிப்போனாகிய நான் எளிதில் உணர முடிகிறது. கடாரங்கொண்ட மன்னனின் வாளைவிட, பெயரறியா வணிகரின் நாவே அங்கு நிலைத்த தடத்தை விட்டிருக்கிறது.

பெண்களின் நிலையை எழுதியவர் மிகச் சிலர். தொடக்கத்தில் ஆண்களே சென்றனர். பின்னர் விடுமுறையில் ஊருக்கு வந்து, சாதகம் பார்த்து, சீதனம் பேசி, மணமுடித்து மனைவியை அழைத்துச் சென்றனர். ‘மலாயா மாப்பிள்ளை’க்குச் சந்தையில் விலை உயர்ந்தது. வேலியால் அடைத்த வளவும், கூப்பிடு தூரத்தில் தாயும் சகோதரியும், பொதுக் கிணறும் என்றிருந்த பெண், காட்டோரப் புகையிரத நிலையமொன்றின் அரசாங்க விடுதியிலே, நாள் முழுதும் பேச்சுத் துணையின்றி இருக்க நேர்ந்தது. கணவனுக்குக் கந்தோர் இருந்தது, சங்கம் இருந்தது. அவளுக்கு அடுப்பும், மாதத்திற்கொரு கடிதமும் இருந்தன. பேறுகாலத்துக்குப் பலர் ஊருக்கே திரும்பினர். பிற்காலத்திற் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரான இராசரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகமோ 1898இல் ஈப்போவிற் பிறந்து, சிறு பிள்ளையாகத் தெல்லிப்பழைக்கு வந்தவர். இரண்டு கரைகளுக்குமிடையே தொட்டிலும் ஆடிய காலம் அது.

சம்பளத்தின் கதையும் சுவையானதே. ஊரிலே மலாயாக் காசு கல்வீடாகவும் கோயில் மதிலாகவும் பாடசாலைக் கட்டடமாகவும் எழுந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை மணியோடர்ப் பொருளாதாரம் என்றே சிலர் அழைத்தனர். ஆனால் அம்மணியோடரை அனுப்பியவனின் வீட்டுக் கணக்கை யார் பார்த்தார்? ஈட்டுக்காணியை மீட்க வேண்டும்; தங்கைமாருக்குச் சீதனம் சேர்க்க வேண்டும்; தம்பியைப் படிப்பிக்க வேண்டும். கந்தோர் மரியாதைக்கு ஏற்றவாறு கோட்டும் சப்பாத்தும் வேண்டும். அரசாங்கச் சிற்றுத்தியோகத்தர் செட்டியாரின் கடன்சீட்டில் மூழ்கிய நிலை ஆட்சியாளரையே கவலைக்குள்ளாக்கிற்று. 1922இல் அங்கு கூட்டுறவுச் சட்டம் பிறந்ததற்கு இக்கடன் தொல்லையும் ஒரு காரணம். தபால் தந்திப் பகுதி உத்தியோகத்தரின் சிக்கன கடனுதவிச் சங்கமே முதலாவதாகப் பதிவாயிற்று. ஊரார் கண்ட கல்வீட்டின் அத்திவாரத்திலே கடன்சீட்டுக் கிடந்தது.

தனிமையை வெல்ல நம்மவர் கண்ட பெருவழி, யாழ்ப்பாணத்தையே அங்கு கட்டியெழுப்புவது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், புகையிரத உத்தியோகத்தர் நிறைந்து வாழ்ந்த இடத்தருகே, 1902இலிருந்து நல்லூரை நினைவூட்டும் கந்தசுவாமி கோயில் உருவாயிற்று. 1904இல் விவேகானந்த ஆச்சிரமம் தோன்றிற்று. 1910இற் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம், 1914இற் கோலாலம்பூர்த் தமிழர் தேகாப்பியாசச் சங்கம் என நிறுவனங்கள் மலிந்தன. முதலாம் உலகப் போரின்போது மலாயா யாழ்ப்பாணத்தவர் பணந்திரட்டிப் பிரித்தானிய அரசுக்கு ஒரு விமானம் அன்பளிப்புச் செய்தனர். அதற்கு ‘யாழ்ப்பாணம்’ என்றே பெயரிடப்பட்டது. சாதாரண கிளாக்கர் தம் கடன்பட்ட சம்பளத்திலிருந்து சக்கரவர்த்திக்கு விமானம் வாங்கிக் கொடுத்த இவ்விசுவாசத்தை எண்ணிச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவ்விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசை நோக்குக. மலாயாச் சிவில் சேவைக்குத் தாய் தந்தை இருவழியிலும் ஐரோப்பியரே தகுதியுடையோர் என்று 1904ஆம் ஆண்டளவில் விதி வகுக்கப்பட்டது. நிருவாகத்தின் நடுப்படிகளுக்கு மலாய் மேற்குடியினரைப் பயிற்றும் ஏற்பாடு பின்னர் வந்தது. மண்ணின் மைந்தருக்கு அந்நியரை முந்தி இடமளிப்பதிற் குறைகாண இயலாது. ஆனால் மேற்படி அனைத்தும் வேறோர் அந்நியனுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததே வேடிக்கை. முப்பதாண்டு கோப்பைச் சுமந்த யாழ்ப்பாணத்தான், நேற்று வந்த வெள்ளை இளைஞனுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து, அவனையே ‘சேர்’ என்றழைத்து ஓய்வுபெற்றான். இந்த அவமானத்தை அவன் எங்கே இறக்கி வைத்தான் என்பதுதான் நம் வரலாற்றாசிரியர் தொடத் தயங்கும் கேள்வி.

1931இல் மலாயாவில் வாழ்ந்த இந்தியர் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். இலங்கைத் தமிழரோ சில ஆயிரவரே. நாகபட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கையடைந்த தொழிலாளரை முதலில் ஜெரஜாக் தீவிலே நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்தனர். பின் லயன்களில் ஓர் அறை; விடியுமுன் பெயர் கூப்பிடுதல்; பால்மரம் சீவுதல். 1928இல் விதிக்கப்பட்ட கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். தோட்டத்திலே கள்ளுக்கடை தவறாது இருந்தது. பள்ளிக்கூடம் பெயரளவில் இருந்தது. கிளாக்கரின் மகன் கோலாலம்பூர் விக்டோரியாக் கல்லூரியில் ஆங்கிலம் கற்கையில், கூலியின் மகன் தோட்டத்துக் கொட்டகையில் எழுத்துக் கூட்டிவிட்டுப் பால்வாளி தூக்கினான். கோயில்களும் வேறாயின. கிளாக்கருக்கு ஆகம முறைக் கந்தசுவாமி. கூலிக்கு மரத்தடி மாரியம்மனும் தீமிதிப்பும். நம்மவர் தம்மை ‘இந்தியத் தமிழர்’ அல்லர் என்று குடிசனமதிப்பிலே தனியாக எழுதிக்கொள்வதிற் காட்டிய அக்கறை, அத்தமிழர் ஒரு நாளுக்கு எவ்வளவு பெறுகின்றனர் என்று அறிவதில் இருக்கவில்லை. அவர்கள் நம்மவருக்கிட்ட ‘பனங்கொட்டை’ என்ற பட்டத்தைக் கேட்டுச் சினங்கொள்வோர், அப்பட்டம் பிறந்த சூழலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1941இல் அச்சூழல் வெடித்தது. கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் என்ற பத்திரிகையாளர் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளை ஊன்றிப் படித்தல் வேண்டும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, ஒழுங்கான மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு, தம் பெண்களை வெள்ளையரும் ‘கறுப்பு வெள்ளைய’ரும் தொந்தரவு செய்வதை நிறுத்தல் வேண்டும் என்பதும் இருந்தது. துரைமாரும் தோட்ட உத்தியோகத்தரும் எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை வேண்டும் என்பதும் இருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டவற்றுள் சைக்கிளில் அமர்ந்து செல்லும் உரிமையும் ஒன்று! அந்தக் ‘கறுப்பு வெள்ளையர்’ யார்? தோட்டக் கிராணிமார். அவர்களிற் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தவரும் ஆவர். மே மாதத்தில் நாதன் கைதாகி, பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்ட படையினரும் இந்தியரே.

கிராணிமாரனைவரும் கொடியர் என்று கூறுவது என் கருத்தன்று. அவர்கள் நடுப்படியில் நின்றவர்கள். மேலிருந்து பெற்றதைக் கீழே கொடுக்குமாறு அப்படியே அமைக்கப்பட்டிருந்தது. தம்மை அந்நியராக உணர்ந்த ஒவ்வொரு நாளும், தமக்குக் கீழே இன்னோர் அந்நியன் இருக்கிறான் என்பது அவர்களுக்கு ஆறுதலளித்தது. பொருளாதார மந்தம் வந்தபோது 1930க்கும் 1932க்கும் இடையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவ்வாண்டுகளிலேயே ஆட்குறைப்பினால் வேலையிழந்த கிளாக்கர்மாரும் யாழ்ப்பாணந் திரும்பினர். யப்பானியர் ஆட்சியில் மணியோடர் நின்றது. இருவரும் மரவள்ளிக் கிழங்கையே தின்றனர். 1945இல் யப்பானியக் காசு வெற்றுத்தாளானபோது இருவரின் சேமிப்பும் ஒருங்கே அழிந்தது. எனினும் சீயம்–பர்மாப் புகையிரதப் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மாண்டவர் தோட்டத் தொழிலாளரே.

இனி 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். பெப்ரவரி முதலாம் நாள் மலாயாக் கூட்டாட்சி பிறந்தது; நான்காம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. மலாயாவிலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் அந்நியனிடம் நீண்டகால வதிவும், மலாய் அல்லது ஆங்கில அறிவும் எதிர்பார்க்கப்பட்டன. ஆங்கிலம் யாரிடமிருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அதனருகே வைத்துப் பார்க்க. அச்சட்டத்தின்படி, கோலாலம்பூரிற் பிறந்து இலங்கை மண்ணையே மிதித்தறியாத கிளாக்கர் மகன், தந்தையும் பாட்டனும் இங்கு பிறந்தோராயின், வம்சாவளியால் இலங்கைப் பிரசை. ஹற்றனிலே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி வளர்ந்தவனின் தந்தை தமிழகத்திற் பிறந்திருப்பின் அவன் பிரசையல்லன். தந்தை இங்கு பிறந்திருந்தாலும் அதனை நிரூபிக்கும் பத்திரம் லயத்தறையில் இருக்கவில்லை. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு சட்டத்தால் அந்நியராயினர்.

யாழ்ப்பாணம் அப்போது என்ன செய்தது? அந்நிய வாழ்வின் துயரைத் தலைமுறை தலைமுறையாகக் கடிதங்களில் வாசித்தறிந்த சமுதாயம் அது. தமிழ்க் காங்கிரஸ் ஆகஸ்டில் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. செப்டெம்பரில் அதன் தலைவர் மந்திரியானார். டிசம்பரில் இந்திய பாகிஸ்தானியர் மசோதாவை அவர் ஆதரித்தார். ஈப்போவிற் பிறந்த செல்வநாயகம் பிரிந்து சென்று 1949இற் புதுக்கட்சி அமைத்தார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே, மலாயாப் பென்சன்காரர் நிறைந்த காங்கேசன்துறைத் தொகுதி அவரைத் தோற்கடித்தது. அத்தோல்விக்குக் காரணங்கள் பல. மலைநாட்டாரின் வாக்குரிமை அவ்வாக்காளரின் உறக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதையும் அக்காரணங்களோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

1964இற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடிவாகத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இடையில், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து, யாழ்ப்பாணத்துக் காணிக்காரரின் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிகளாயின. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பாடசாலைகளிற் படிக்கின்றனர். வகுப்பிலே சண்டை மூண்டால் அவர்களைச் சுட்டும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை ஆசிரியராகிய நாம் கேட்கிறோம். அவர்களுட் பலரின் பெற்றோருக்குத் தாம் குடியிருக்கும் காணிக்கு உறுதி இன்னமும் இல்லை.